ஆஸ்பத்திரி அக்காவின் ஞாயிறு வகுப்பு

எங்கள் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. டாக்டருக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். நாம் தமிழில் சொல்லும் வலியை அந்த நாட்டு மொழியில் டாக்டருக்குச் சொல்வார். டாக்டர் சொல்வதைத் தமிழில் நமக்குச் சொல்வார். அந்த வேலையைப் பதினோரு வருடத்துக்கும் மேலாகச் செய்தார். கூடப்பிறந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஊருக்குப் பிழைக்கப் போன எல்லோருக்குமே அவர் அக்காதான். அவரைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

தொழிலில் அவருக்கு ஒரே விதி. சொன்னதைச் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒருமுறை ஒரு பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். "வயித்துக்குள்ள யாரோ ஈரத்துணிய முறுக்கிப் பிழியற மாதிரி இருக்கு" என்றார். கூட வந்த மகனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வயிற்று வலி என்று சொன்னால் போதும் அக்கா, துணியெல்லாம் எதற்கு என்றான். அக்கா துணி, ஈரம், முறுக்கல், பிழிதல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். குடல் நிஜமாகவே முறுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் பெரியவர் பிழைத்திருக்க மாட்டாராம். யாராவது டாக்டரைத் திட்டினால் அந்தத் திட்டையும் அப்படியே மொழிபெயர்த்துக் கொடுப்பார். டாக்டர்கள் அதற்கும் பழகியிருந்தார்கள்.

நான் அங்கே போன மூன்றாம் வருடம் தேர்தல் வந்தது. அதுவரை நான் அந்த ஊரை அமைதியான ஊர் என்று நினைத்திருந்தேன். தேர்தல் நெருங்க நெருங்கத்தான் எல்லாம் மேலே வந்தது. ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் இரண்டு குடும்பங்கள் முகம் பார்த்துக்கொள்வதில்லை. முடி வெட்டும் கடைகூடக் கட்சிக்கு ஒன்று. கல்யாணம் ஆகி இருபது வருடமான தம்பதி, தொலைக்காட்சிச் செய்தியை ஆளுக்கொரு அறையில் பார்த்தார்கள். எதற்கு இவ்வளவு கோபம் என்று வெளியிலிருந்து வந்த எங்களுக்குப் புரியவில்லை. கேட்கவும் பயம்.

பஸ்ஸில் கட்சிப் பெயரைச் சொன்னால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். அதனால் எங்களுக்குள் ரகசியப் பெயர் வைத்துக்கொண்டோம். பழைய கட்சி, கை இறுக்கமான கட்சி, எதையும் யோசித்துத்தான் கொடுக்கும், அது பெரியப்பா. புதிய கட்சி, கை தாராளம், கேட்பதற்கு முன்னால் வாக்குக் கொடுக்கும், அது சித்தப்பா. "நேத்து பெரியப்பா என்ன பேசினாரு கேட்டியா?" என்று பஸ்ஸில் தாராளமாகப் பேசலாம். எங்கள் குடும்பத்தில் ஏதோ சொத்துத் தகராறு என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

எனக்கு ஒரு மரச்சாமான் பட்டறையில் வேலை. நாற்காலிக்குக் கால் பொருத்தும் பிரிவு. எங்கள் மேஸ்திரி சித்தப்பா கட்சி. அவர் மதிய இடைவேளையில் பேசப் பேச, இரண்டே வாரத்தில் நானும் சித்தப்பா கட்சி ஆகிவிட்டேன். ஓட்டு இல்லாதவனுக்கு வாய் அதிகம். ஒருநாள் மேஸ்திரி சொன்ன வாக்கியத்தையே என் சொந்தச் சரக்கு போல எடுத்துவிட்டேன்: பெரியப்பா கட்சிக்காரர்களுக்கு ஏழை என்றாலே ஆகாது என்று. பாலிஷ் பிரிவில் வேலை செய்தவர் கையிலிருந்த பிரஷை டப்பாவில் வைத்தார். ஒற்றை அறை வீட்டில் மூன்று குழந்தைகளோடு இருப்பவர் அவர். எனக்கு மொழி சரியாக வராத நாட்களில் எல்லாவற்றையும் இரண்டுமுறை சொல்லித் தந்தவரும் அவர்தான். "நான் பணக்காரனா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அக்கா வீட்டுக்குப் போய் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, அந்த மனிதர் ஏன் அந்தக் கட்சி என்று கேட்டாயா என்றார். கேட்கவில்லை என்றேன்.

"எனக்கும் தெரியாது தம்பி. பதினோரு வருஷமா இவங்க வலியெல்லாம் கேட்டிருக்கேன். இவங்க கோபத்த ஒருநாளும் உக்காந்து கேட்டதில்ல" என்றார்.

அதிலிருந்துதான் ஞாயிறு வகுப்பு ஆரம்பமானது. இடம் எங்கள் பட்டறை. முதலாளியம்மாவிடம் நான்தான் கேட்டேன். அந்த ஊர்க்காரர், கணவர் இறந்த பிறகு நாற்பது பேரை வைத்து ஒற்றை ஆளாகத் தொழில் நடத்துகிறவர், காதில் எப்போதும் ஒரு பென்சில். ஞாயிற்றுக்கிழமையும் தன் கண்ணாடி அறையில் உட்கார்ந்து வரைபடம் போட்டுக்கொண்டிருப்பார். டெலிவரிக்குக் காத்திருக்கும் நாற்காலிகளில் உட்கார்ந்துகொள்ளுங்கள், ஆனால் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது என்று அனுமதித்தார். என் மனைவியையும் சேர்த்து எட்டுப் பேர் வந்தோம். யாராவது நெளிந்தால் பிளாஸ்டிக் படபடவென்று சத்தம் போடும். யாருக்குப் பொறுமை இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அக்கா தன் தொழில் விதியை அங்கேயும் கொண்டுவந்தார். ஒரு வாரம் பெரியப்பா கட்சி, மறுவாரம் சித்தப்பா கட்சி. அந்தக் கட்சிக்காரர் பக்கத்தில் இருந்து கேட்டால், ஆமாம், நான் நினைப்பது இதுதான் என்று தலையாட்ட வேண்டும். அப்படிச் சொல்ல வரும்வரை நமக்கு அது புரிந்ததாக அர்த்தமில்லை. கேலி, கிண்டல் எல்லாம் அதற்கப்புறம் என்றார். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் வேறு நாட்டுக்காரர்கள் இரண்டு பேரும் வந்ததால், எதையும் முதலில் அந்த ஊர் மொழியிலும் பிறகு தமிழிலும் சொன்னார். ஆக, கண்ணாடி அறையில் இருந்த முதலாளியம்மாவுக்கும் எல்லாம் கேட்டது.

முதல் ஞாயிறு பெரியப்பா கட்சி. இவர்கள் அரசாங்கச் செலவைக் குறைக்க விரும்புகிறார்கள் என்று அக்கா ஆரம்பித்ததும், கண்ணாடிக் கதவு திறந்தது.

"தப்பு" என்றார் முதலாளியம்மா. "செலவு எங்களுக்குப் பிரச்சினை இல்ல. நாங்க உழைச்சுக் கட்டின வரிய, எங்களக் கேக்காமலே எடுத்துக் குடுக்கறாங்க. கேட்டா நாங்களே குடுப்போம். கேக்கறதே இல்ல. அதுதான் கோபம்."

நாங்கள் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டோம். அக்கா மட்டும் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதியதை அவரிடமே திருப்பிப் படித்துக் காட்டி, சரியா மேடம் என்று கேட்டார். பாதி சரி என்றார் முதலாளியம்மா. மூன்றாவது ஞாயிறுதான் அவர் வாசலில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டு, ஆமாம் என்பது போலத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருந்தார்.

நான் மறுநாள் பாலிஷ்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு, நீங்கள் ஏன் அந்தக் கட்சி என்றும் கேட்டேன். அவர் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பேசினார். எனக்கு அவர் சொன்னதில் பாதி உடன்பாடில்லை. ஆனால் அன்றிலிருந்து மறுபடி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

தேர்தல் முடிந்தது. நகர மன்றம் பெரியப்பா கட்சியிடம் போனது. இரண்டு மாதத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. அதற்கு ஒரு கருவி வந்துவிட்டது, கையில் பிடித்துப் பேசினால் அதுவே பெயர்த்துச் சொல்லும். ஆட்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் போதும். சுருக்கமாகச் சொன்னால், அக்காவின் பிழைப்பில் பாதிக்கு மேல் போகிறது.

அந்த ஞாயிறு வகுப்பு இருக்காது என்றுதான் நினைத்தோம். இருந்தது. முறைப்படி அது பெரியப்பா கட்சியின் வாரம். அக்கா எழுந்து நின்று, இன்று அந்தத் தீர்மானத்தை அவர்கள் பக்கத்திலிருந்து சொல்லப்போகிறேன் என்றார்.

சொன்னார். இந்த ஆஸ்பத்திரியில் நான்கு மொழிக்குத்தான் ஆள் இருக்கிறது; வந்து சேர்ந்திருப்பவர்கள் பதினேழு மொழி பேசுகிறவர்கள். மீதிப் பதின்மூன்று மொழிக்காரர்களின் வலியை யார் கேட்பது? கருவிக்கு எல்லா மொழியும் ஒன்றுதான். பிறகு இன்னொன்றும் சொன்னார். பத்து வருடம் இங்கே வாழ்ந்தும் ஊர் மொழி கற்காதவர்களுக்கு நாம் ஆள் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அவர்கள் நம்மோடு எப்போதுதான் பேசுவார்கள் என்று அந்தக் கட்சிக்காரர்கள் கேட்கிறார்கள். அதில் வெறுப்பு மட்டும் இல்லை, ஒரு ஏக்கமும் இருக்கிறது என்றார்.

நாற்காலி உறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் படபடத்தன. என் மனைவி எழுந்துவிட்டாள். எங்கள் மகள் பிறந்தபோது ஒன்பது மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நர்ஸ் சொன்னதையெல்லாம் காதில் சொன்னவர் அக்கா.

"அக்கா, நீங்க யாருக்காகப் பேசறீங்க?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு அவங்களுக்காக. அடுத்த வாரம் நமக்காக. ரெண்டையும் ஒரே மாதிரி சொல்ல முடியலன்னா, அந்த ஸ்டூல்ல உக்கார எனக்கு என்னம்மா தகுதி இருக்கு?"

அக்காவின் கணவர் பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். பிறகொருநாள் அவர்தான் சொன்னார். அந்த ஒரு பேச்சுக்காக அக்கா மூன்று நாள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினாராம். முதல் நான்கு தாளையும் கிழித்துப் போட்டாராம். ஏன் கிழிக்கிறாய் என்று கேட்டதற்கு, கோபம் எழுத்துக்குள் வந்துவிடுகிறது என்றாராம்.

மறுவாரம் தீர்மானத்துக்கு எதிரான பக்கத்தைச் சொன்னார். அதையும் அதே நிதானத்தோடு சொன்னார். முதலாளியம்மா இரண்டு வாரமும் கண்ணாடி அறையை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் பென்சில் ஓடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தீர்மானம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிறைவேறியது. அக்காவுக்கு ஸ்டூல் வேலை இரண்டு நாள் என்று ஆனது. மீதி நாட்களுக்கு அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலையில் சேர்ந்தார். நாங்கள் துக்கம் விசாரிப்பது போலப் போனோம். அவர் சிரித்துக்கொண்டே, விரிப்பில் ஒரு நல்ல குணம் உண்டு, எந்த மொழியிலும் எதிர்த்துப் பேசாது என்றார். ஆனால் கையெல்லாம் சோப்புக் காரத்தில் வெடித்திருந்தது. வகுப்பை ஒரு ஞாயிறுகூட நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது முதலாளியம்மா வெளியே வந்து, முதல்முறையாக எங்களோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். தனக்கு ஒரே மகள், வேறு ஊரில் பள்ளி ஆசிரியை, இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை என்றார். அவள் சித்தப்பா கட்சி. (அவர் வேறு பெயர்தான் சொன்னார், நான் மனதுக்குள் மாற்றிக்கொண்டேன்.) அவள் பக்கத்து நியாயத்தை எனக்கு ஒருமுறை சொல்லுங்கள், அவள் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது, நீங்கள் சொன்னால் கேட்க முடியும் என்று நினைக்கிறேன் என்றார்.

அக்கா நோட்டைப் பைக்குள் வைத்தார். "கட்சி சொல்றத நான் சொல்லலாம் மேடம். உங்க பொண்ணு மனசுல இருக்கறது அவங்களுக்குத்தான தெரியும். வேணும்னா உங்ககூட வரேன்."

"எதுக்கு?"

"என் வேலையப் பாக்க."

அடுத்த ஞாயிறு பட்டறை வேனில் கிளம்பினோம். ஓட்டியது நான். இரண்டு மணி நேரப் பயணத்தில் முதலாளியம்மா பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். மூன்றாவது மாடியில் மகளின் வீடு. மேஜை நிறையத் திருத்த வேண்டிய நோட்டுப் புத்தகங்கள். கதவைத் திறந்த மகள் அம்மாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இவர் யார் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என்றார் அம்மா. நம் இரண்டு பேருக்கும் எதற்கு மொழிபெயர்ப்பாளர் என்றார் மகள். அம்மா உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்கா ஒரு ஸ்டூலைத் தேடி எடுத்து இருவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டார். முறையைச் சொன்னார். ஒருவர் பேசுவதை நான் திருப்பிச் சொல்வேன். பேசியவர் சரி என்றால்தான் மற்றவர் பதில் சொல்ல வேண்டும். சரியில்லை என்றால் மறுபடி. இருவரும் பேசியது ஒரே மொழி. அக்கா திருப்பிச் சொன்னதும் அதே மொழி. இதென்ன கூத்து என்று எனக்கே தோன்றியது. மகளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பத்து நிமிடத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. எதிராளியின் வார்த்தை நேராக வந்து அடிக்காமல் மூன்றாவது ஒரு வாயில் நின்று, நிதானமாக வந்தது. இடையில் குறுக்கிட வழியில்லை. கேட்டே ஆக வேண்டும்.

வரி, பள்ளிக்கூடம், பேருந்துக் கட்டணம் என்று சுற்றிச் சுற்றிப் போன பேச்சு கடைசியில் அப்பாவிடம் வந்து நின்றது. அவருக்கு மாரடைப்பு வந்த அன்று ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம் ஆனதாம். அதற்கு முந்தைய வருடம்தான் அவர்கள் வட்டாரத்து ஆம்புலன்ஸ் நிலையத்தைச் செலவு என்று மூடியிருந்தார்கள். மூடியது பெரியப்பா கட்சி. மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொன்னார். சொல்லிவிட்டு, இதைச் சொல்ல வேண்டாம் என்று அக்காவிடம் கையைக் காட்டினார்.

அக்கா அவரைப் பார்த்தார். சொல்லாமல் விட எனக்கு அனுமதி இல்லை, வேண்டுமானால் நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றார். மகள் மேஜையிலிருந்த நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, திரும்பப் பெறவில்லை என்றார்.

அக்கா அம்மாவின் பக்கம் திரும்பினார். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"அப்பா செத்ததுக்கு உன் ஓட்டும் ஒரு காரணம்."

எனக்கு எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது. முதலாளியம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு அக்காவிடம்தான் பேசினார், மகளைப் பார்க்கவில்லை.

"தெரியும்னு சொல்லுங்க. அவர் போன மறுமாசம் கட்சிக் கூட்டத்துல எழுந்து நின்னு, இந்த நிலையத்த மூடினது தப்புன்னு சொன்னேன். ஒருத்தரும் வாயத் திறக்கல. அடுத்த கூட்டத்துலயும் சொன்னேன். இன்னும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். வெளிய வந்து திட்டறது சுலபம். உள்ள இருந்து சொல்ல ஒரு ஆள் வேணாமா?"

அக்கா அதை அப்படியே மகளிடம் திருப்பிச் சொன்னார். பாதியிலேயே மகளின் கண் நிறைந்துவிட்டது. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அம்மாவிடமே நேராகக் கேட்டார். நீ கேட்கவே இல்லையே என்றார் அம்மா. அதற்கப்புறம் இரண்டு பேரும் அக்காவை மறந்துவிட்டார்கள். அக்கா சத்தமில்லாமல் ஸ்டூலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், என்னையும் கண்ணால் கூப்பிட்டார். அங்கே நின்று ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடித்தோம். அவர் இன்னொரு டம்ளரும் பிடித்துக் குடித்தார்.

இதனால் யாரும் கட்சி மாறவில்லை. அம்மா இன்னும் பெரியப்பா, மகள் இன்னும் சித்தப்பா. ஆனால் மகள் மாதம் ஒருமுறை வர ஆரம்பித்தார். வந்தால் வகுப்பிலும் உட்காருவார். அவரைப் பார்த்து ஊர்க்காரர்கள் சிலரும் வந்தார்கள். அண்ணனோடு பேச்சில்லாத தம்பி ஒருவர், மாமனாரோடு ஒரே மேஜையில் சாப்பிட முடியாத மருமகன் ஒருவர். தங்கள் நாட்டைப் புரிந்துகொள்ள வந்த வெளியாட்களிடம் வந்து, அவர்கள் தங்கள் வீட்டைப் புரிந்துகொண்டு போனார்கள்.

முதலாளியம்மா இன்னொன்றும் செய்தார். எங்கள் யாரிடமும் சொல்லாமல் ஒரு முழு நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, அந்தக் கருவி என்ன பெயர்க்கிறது என்று எழுதி எடுத்தார். "காத்திருந்து காத்திருந்து கண்ணு பூத்துப் போச்சு" என்று ஒரு பாட்டி சொன்னதை, கண்ணில் பூ மலர்ந்திருக்கிறது என்று கருவி சொல்ல, அங்கிருந்த புது டாக்டர் கண்ணுக்கு விளக்கு அடித்துப் பார்த்தாராம்; வரிசையில் இருந்த ஒரு தமிழ்ப் பையன்தான் பிறகு முதலாளியம்மாவுக்கு அர்த்தம் சொன்னானாம். முதலாளியம்மா அதைத் தன் கட்சிக் கூட்டத்தில் படித்தார். சிரித்தார்களாம். சிரித்து முடித்ததும், நீங்கள் அங்கே பேச்சுப் புரியாமல் படுத்திருந்தால் சிரிப்பீர்களா என்று கேட்டாராம். ஆறு மாதத்தில் அந்தக் கட்சியே ஒரு திருத்தம் கொண்டுவந்தது: ஆள் இல்லாத மொழிகளுக்குக் கருவி, ஆள் இருக்கும் மொழிகளுக்கு வாரம் நான்கு நாள் ஆள். இந்த முறை ஏழுக்கு இரண்டு. அக்கா சலவைப் பிரிவிலிருந்து ஸ்டூலுக்குத் திரும்பினார்.

அதற்கு அடுத்த வருடம் அக்காவுக்குக் குடியுரிமை கிடைத்தது. உறுதிமொழி எடுக்கும் மண்டபத்துக்கு நாங்களும் போனோம். பெரிய கூட்டம், வரிசையாகக் கூப்பிட்டார்கள். அக்காவுக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் அதிகாரி ஏதோ கேட்டார். பயத்தில் அந்தப் பெண்ணுக்கு நாக்கு எழவில்லை; கற்றிருந்த நாலு வார்த்தையும் மறந்துவிட்டது. புருஷனைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் ஏதோ முணுமுணுத்தார். அக்கா வரிசையை விட்டு விலகி அவர் பக்கத்தில் போய் நின்றார். அவருக்குச் சொன்னார், அவர் புருஷனுக்குச் சொன்னார், அந்தப் பக்கம் தவித்துக்கொண்டிருந்த இன்னொரு குடும்பத்துக்கும் சொன்னார். அதற்குள் அவருடைய முறை தாண்டிப் போய்விட்டது. கடைசியில்தான் முடியும் என்றார் அதிகாரி. பரவாயில்லை என்று சுவரோரம் நின்றார்.

அவர் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தபோது மண்டபம் காலி. நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கைதட்ட நாங்கள் ஐந்து பேர்தான் இருந்தோம். பெருக்க வந்தவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவரும் சேர்ந்து தட்டினார்.